பெல்ட் கீறிய மடி கிட்டார்

எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. படியேறி வந்ததும் அழுகிறவர்கள் ஒரு ரகம். எங்கள் ஃபீஸைக் கேட்டதும் அழுகிறவர்கள் இன்னொரு ரகம். அன்று காலை பத்தரைக்கு வந்த பெண் இரண்டிலும் சேரவில்லை. என் சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, நீளமான கறுப்புப் பெட்டி ஒன்றை மேடத்தின் மேஜைமேல் வைத்தார். திறந்தார். "இது எங்க அப்பா இல்ல" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். அப்பா இல்லைதான். அப்பா நுழைகிற அளவுப் பெட்டியும் இல்லை.

"உக்காருங்க," என்றார் மேடம். "அப்பா எப்போ தவறினார்?"

"மூணு மாசம் ஆச்சு."

மேடத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரயில்வேயின் தொலைந்த பொருள் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். குடையைத் தொலைத்தவன் எப்படிப் பேசுவான், தொலைக்காத குடையைக் கேட்டு வருகிறவன் எப்படிப் பேசுவான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ரிட்டையரானதும் சும்மா இருக்க முடியாமல் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். நான் அதற்குமுன் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தேன். ஆகவே மேடத்துக்கு நான் 'பாலிசி'. பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

பெட்டிக்குள் இருந்தது ஒரு பலகை. பலகைமேல் ஆறு தந்தி, ஒரு முனையில் முறுக்காணிகள், மறுமுனையில் இரண்டு குமிழ்.

"கிட்டாரா, துணி தேய்க்கிற பலகையா?" என்றேன்.

"லேப் ஸ்டீல் கிட்டார். மடியில படுக்க வெச்சு வாசிக்கிறது. எங்க வீட்ல மடி கிட்டார்னு சொல்வோம். கரண்ட்ல ஓடும். அறுபது வருஷப் பழசு. அப்பா ஹோட்டல் பேண்டுல இதைத்தான் வாசிச்சார்."

"இதைத்தானா?"

"அதான் இல்லைங்கறேன். அது வேற, இது வேற."

அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். அப்பா போகும்போது சொத்தைப் பிரித்து எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். வீடும் கடையிடமும் அண்ணனுக்கு. கிட்டாரும் அதைப் பேசவைக்கும் ஆம்ப் பெட்டியும் தங்கைக்கு. அண்ணன் மறுநாளே ஆம்ப் பெட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார், "இந்த டப்பா இடத்தை அடைக்குது" என்று. கிட்டாரை மட்டும் "பாதுகாப்பா இருக்கட்டும்" என்று தன்னிடம் வைத்துக்கொண்டார். தங்கை கேட்டுக் கேட்டு வாய் வலித்தபிறகு, பத்து நாளைக்கு முன்னால்தான் கொடுத்திருக்கிறார்.

"அண்ணன் என்ன சொல்றார்?"

"துக்கத்துல உனக்குக் காது அடைச்சிருக்குங்கறார். மேடம், அப்பா வாசிச்சதை யாரும் பதிவு பண்ணி வைக்கல. ஃபோன்ல அவர் குரல்கூட என்கிட்ட இல்ல. அந்தச் சத்தம் ஒண்ணுதான் அவர்னு மிச்சம் இருந்தது. அதையும் மாத்திட்டாங்க." இப்போதுதான் அவர் கண் கலங்கியது. எனக்கும் நாக்கு நுனிவரை வந்த ஜோக் ஒன்று உள்ளே போய்விட்டது.

"வேற ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சுதா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

அவர் தயங்கினார். "சொன்னா சிரிப்பீங்க. வீட்ல ராத்திரி டியூட்டி இல்லாத சாயங்காலம் இதை வாசிப்பேன். வாசிச்சுட்டு தந்தியைக் கையால அமுக்கிடுவேன். சத்தம் நிக்கணும் இல்லையா? ஆனா நின்ன பிறகும் ஒரு சின்ன ரீங்காரம் வருது. எங்க இருந்துன்னு தெரியல. எல்லாத் தந்திக்கும் இல்ல, கனத்த ரெண்டு தந்திக்கு மட்டும்."

"பேய்க்கு வேற டிபார்ட்மென்ட்," என்றேன். "அதுவும் ஆறு தந்தியில ரெண்டுக்கு மட்டும் வர்ற பேய்னா பார்ட் டைம்தான்."

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த மாதச் சம்பள உயர்வு காலாவதியானது.

"இதைத் திருப்பிக் காட்டுங்க," என்றார்.

கிட்டாரின் முதுகில் கீறல்கள் இருந்தன. நாலு சின்னக் கோடு, அவற்றின்மேல் ஒரு வளைவு, அதே உருவம் திரும்பத் திரும்ப. முன்பக்கம், தந்திகளுக்குக் கீழே வரைந்திருந்த கோடுகளுக்கு இடையில், விரல் அகலத்துக்குத் தேய்ந்த குழிகள். பார்த்தால் அறுபது வருஷம் உழைத்த மாதிரிதான் இருந்தது. மேடம் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்ன வாசனை, பாலிசி?"

நானும் மோந்தேன். "டீத்தண்ணி."

"அம்மா, இதை மடியில வெச்சு கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க. கரண்ட் வேண்டாம், சும்மா கையை மட்டும் காட்டுங்க."

எக்ஸ்ரே அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரைத் தொடைமேல் படுக்கவைத்தார். இடது கையில் ஒரு இரும்புக் கட்டையைப் பிடித்து, தந்திகளின்மேல் வழுக்கவிட்டார். தந்திகள் பலகையிலிருந்து நன்றாக எழும்பி நின்றன. இரும்பு தந்தியைத்தான் தொட்டது. விரலில் ஒன்றுகூடப் பலகையில் படவில்லை.

மேடம் சிரித்தார். "எங்க ரயில்வே ஆபீஸுக்குப் பெட்டி சேதமாயிடுச்சுன்னு நஷ்டஈடு கேட்டு வருவாங்க. ரயில்ல அடிபட்ட பெட்டிக்கு மூலையில கீறல் இருக்கும். நடு முதுகுல கீறல் இருந்தா, அது வீட்ல உக்காந்து ஆணியால கீறினது. இந்தக் கிட்டார்ல விரல் படவே படாத இடம் தேஞ்சிருக்கு. தொடைமேல கிடக்கிற பக்கம் கீறியிருக்கு. இதைப் பழசாக்கின ஆளுக்கு இதை எப்படி வாசிப்பாங்கன்னே தெரியாது."

"அண்ணன் என்ன தொழில் பண்றார்?" என்று கேட்டேன்.

"மரச்சாமான் கடை," என்றார் தங்கை. "பழங்கால மரச்சாமான். புதுசா செய்யறது."

அதோடு இன்னொன்றும் சொன்னார். வெளியூரிலிருந்து பழைய கிட்டார் சேர்க்கிற ஆசாமி ஒருவர் இரண்டு வாரமாக அண்ணன் கடைக்கு வந்துபோகிறாராம். அண்ணி வாய் தவறி உளறியிருக்கிறார். இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ஆசாமிக்கு விமானம்.

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். நான் சாப்பாட்டு டப்பாவை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் பின்னால் போனேன்.

*

கடை மூன்று மாடி. வாசலில் ஒரு நாற்காலி, 'நூற்றைம்பது ஆண்டுப் பாரம்பரியம்' என்ற அட்டையோடு. அண்ணனுக்காக மத்தியானம் முழுக்கக் காத்திருந்ததில் பாரம்பரியத்தின்மேல் உட்கார்ந்தேன். எழுந்தபோது பாரம்பரியத்தில் பாதி என் பேன்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது. பாலிஷ் இன்னும் காயவில்லை. பின்கட்டில் நாலு பேர் ஒரு புத்தம்புதிய அலமாரியை உப்புத்தாளால் தேய்த்து, டீத்தண்ணி பூசி, சங்கிலியால் அடித்து அதற்கு வயதேற்றிக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் அப்பாவின் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. கழுத்துவரைதான். மடியில் கிட்டாரோடு எடுத்த படமாம், 'இரண்டு வாங்கினால் ஸ்டூல் இலவசம்' பேனருக்கு இடம் வேண்டியிருந்ததால் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டார்கள்.

அண்ணன் வந்தார். ஐம்பது வயது, வாசனை, மோதிரம். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை பக்கிள் வைத்த பெல்ட். வந்ததுமே தங்கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இவ இன்னும் அழுதுட்டே இருக்காளா? மேடம், அது எங்க குடும்பத்தோட ஆத்மா. அதை நான் மாத்துவேனா? அந்தக் கிட்டார் சத்தத்துலதான் நான் வளர்ந்தேன்."

"அதேதான் நானும் சொன்னேன்," என்றார் மேடம், வெண்ணெய் மாதிரி. "தங்கச்சி மனசு சமாதானம் ஆகணும். அப்பா வாசிக்கிற மாதிரியே நீங்க இதைப் பிடிச்சு ஒரு போட்டோ குடுங்களேன். பெரிய மகன் கையில பார்த்தா அவங்களுக்கும் நம்பிக்கை வரும்."

போட்டோ என்றதும் அண்ணனின் முகம் தானாகச் சரியான கோணத்துக்குத் திரும்பியது. கிட்டாரை வாங்கினார். நிமிர்ந்து நின்றார். வயிற்றோடு அணைத்து, இடது கை விரல்களைத் தந்திகளுக்கு நடுவே விட்டுப் பலகையை அழுத்தி, கண்ணை லேசாக மூடினார். இசையில் கரைகிறாராம்.

நான் நாலு படம் எடுத்தேன்.

"அப்படியே இருங்க, அசையாதீங்க," என்று மேடம் பக்கத்தில் போனார். "பாலிசி, இங்க வா. விரல் எல்லாம் எங்க உக்காந்திருக்கு பாரு."

நாலு விரலும் அந்த நாலு குழிக்குள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தன. மேடம் கிட்டாரை அவர் கையிலிருந்து நாசூக்காக வாங்கித் திருப்பினார். நான் பெல்ட்டைப் பார்த்தேன். பித்தளை பக்கிளில் கடையின் சின்னம், ஒரு நாற்காலி. நாலு கால், மேலே வளைந்த முதுகு. கிட்டாரில் இருந்த கீறலும் நாலு கோடு, மேலே ஒரு வளைவு.

"வேலைக்காரங்களை நம்பாம நீங்களே கைப்பட பழசாக்கினீங்க போல," என்றார் மேடம். "எத்தனை நாள் இடுப்புல வெச்சு உரசினீங்க?"

அண்ணன் பதில் சொல்லுமுன் தங்கை கேட்டார், குரல் உயரவே இல்லை. "அண்ணா, அப்பா நின்னு வாசிச்சு நீ எப்பவாவது பார்த்திருக்கியா?"

"கிட்டார்னா எல்லாரும் நின்னுதானே வாசிப்பாங்க?"

பின்கட்டில் சங்கிலி அலமாரியை அடித்துக்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் ஒரு மனுஷன் உட்கார்ந்து வாசித்ததை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்காத மகனை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வந்தது, என் அப்பாவுக்கு ஃபோன் பண்ண வேண்டும் என்றும் தோன்றியது.

"சரி, நகல்தான்!" என்று அண்ணன் வெடித்தார். "அதனால என்ன? அசல் நல்ல இடத்துக்குப் போகுது. கண்ணாடி அலமாரி, ஏசி, தனி விளக்கு. இவகிட்ட இருந்தா என்ன ஆகும்? தினமும் எடுத்து வாசிப்பா! வாசிச்சே வீணாக்கிடுவா!"

"நகலை யார் செஞ்சது?"

"கிட்டார் ரிப்பேர்காரர் ஒருத்தர். பரவால்ல, கெட்டிக்காரர். நாலே நாள்ல முடிச்சுட்டார். அளவுகூட எடுக்கல, அச்சு ஏற்கெனவே வெச்சிருந்தார்."

மேடத்தின் புருவம் ஒரு அங்குலம் ஏறியது. "அளவே எடுக்கலையா?"

"தொழில் தெரிஞ்சவர்னா அப்படித்தான்."

தங்கை மணியைப் பார்த்தார். மூன்று. "மேடம், அந்த ஆள் எந்த ஹோட்டல்னு கேளுங்க. கிளம்பிடப் போறார். இப்பவே போனாத்தான் பிடிக்க முடியும்." நான் ஏற்கெனவே வாசலுக்குப் பாதி ஓடியிருந்தேன்.

மேடம் ஒரு புத்தம்புது 'நூற்றாண்டு' சோபாவில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். "எங்கயும் போக வேண்டாம். அவரே வருவார்."

"ஃபிளைட்டை விட்டுட்டா?" என்றேன்.

"பழசு சேர்க்கிறவன் வாங்கினதை மூட்டை கட்டறதுக்கு முன்னால ஒவ்வொரு திருகாணியா கழட்டிப் பார்ப்பான். பார்த்துட்டு இங்கதான் ஓடி வருவான். யோசிச்சுப் பாரு பாலிசி. ஊர்ல யார்கிட்டயும் இல்லாத அறுபது வருஷ கிட்டாருக்கு, ரிப்பேர்காரர்கிட்ட அச்சு எப்படி முன்னாடியே ரெடியா இருக்கும்?"

நான் யோசித்தேன். அண்ணனும் யோசித்தார். அண்ணன் முகத்தில் வாசனையைத் தவிர மற்றதெல்லாம் வெளிறிப்போயிற்று.

*

இருபது நிமிஷத்தில் கிட்டார் சேர்க்கிற ஆசாமி வந்தார். மெலிந்த ஆள், கைகளில் வெள்ளைத் துணிக் கையுறை, அக்குளில் ஒரு பெட்டி. பெட்டியை வரவேற்பு மேஜையில் வைத்த வேகத்தில் ஸ்டூல் இலவசம் அட்டை கீழே விழுந்தது.

"எனக்கு ஒரு ராகம்கூட வாசிக்கத் தெரியாது சார். வீட்ல நாற்பது கிட்டார் இருக்கு, ஒண்ணுலயும் ஒரு சத்தம் எழுப்பினதில்ல. ஆனா திருகாணி தெரியும்! இந்தக் கம்பெனி அந்தக் காலத்துல போட்டது எல்லாம் ஒத்தைக் கோட்டுத் திருகாணி. இதில கூட்டல் குறி! இது நகல்!"

"அது எங்க அப்பா வீட்ல இருந்தது!" என்று அண்ணன் கத்தினார். "அலமாரியில இருந்து நானே என் கையால எடுத்தேன்!"

"அப்ப உங்க அப்பாவையே கேளுங்க," என்று அவர் ஒரு மடித்த தாளை நீட்டினார். "குமிழ் இருக்கிற தகட்டுக்கு அடியில இருந்தது."

அண்ணன் வாங்கிப் பார்த்தார். படிக்கவில்லை. தங்கையிடம் கொடுத்துவிட்டார். தங்கை சத்தமாகப் படித்தார்.

"பெரியவனே, ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து கேட்டிருந்தா, இது வேறன்னு கையில எடுத்ததுமே உனக்குத் தெரிஞ்சிருக்கும். சின்னவளே, நீ எங்கயும் தேட வேண்டாம். உனக்குக் காது இருக்கு."

ஆக, அப்பா உயிரோடு இருக்கும்போதே அதே ரிப்பேர்காரரிடம் ஒரு நகல் செய்து வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார். மகன் அந்த நகலை அசல் என்று எடுத்து, அதற்கு ஒரு நகல் செய்து, அதை இடுப்பில் உரசி உரசி வயதேற்றித் தங்கைக்குக் கொடுத்திருக்கிறார். நகலுக்கு நகல். இவ்வளவு உழைப்பை அலமாரிக்குப் போட்டிருந்தால் கடை நாலு மாடி ஆகியிருக்கும்.

"எழுதினவர் இடத்தை எழுதியிருக்கக் கூடாதா?" என்று தங்கை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பா வீட்ல இப்ப ஒண்ணும் இல்ல மேடம். எல்லாத்தையும் காலி பண்ணியாச்சு. எடைக்குப் போட்டதுல போயிருந்தா?"

"எழுதியிருக்கார்," என்றார் மேடம். "காதுன்னு எழுதியிருக்கார். பாலிசி, காலையில ஒரு ஜோக் அடிச்சியே, என்ன அது?"

நான் வருஷக்கணக்காக ஜோக் அடிக்கிறேன். அதை மேடம் திரும்பக் கேட்டது அதுதான் முதல்தடவை. "பார்ட் டைம் பேய்," என்றேன்.

"அதோட வீட்டுக்குத்தான் இப்பப் போறோம்."

*

எக்ஸ்ரே அக்காவின் வீட்டு முன்னறையில் பாதியை ஆம்ப் பெட்டிதான் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா தானே ஆள் வைத்துச் செய்த பெட்டி. அகலம் கைவிரித்த அளவு. முன்னால் சாம்பல் துணி, பின்னால் பலகை அடைத்து ஆறு திருகாணி. அண்ணனும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அந்த ஆசாமி கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு விட்டுப்போன நகலை, அக்குளில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஒரு தந்தியைத் தட்டினா, அதே சுருதியில பக்கத்துல இருக்கிற இன்னொரு தந்தி யாரும் தொடாமலே அதிரும்," என்றார் மேடம். "நீங்க கையால அமுக்கினது உங்க தந்தியை. அமுங்காத தந்தி ஒண்ணு இந்த ரூம்லயே இருந்திருக்கு. நாள் ஆக ஆக மெல்லிசான தந்தி நாலும் சுருதி இறங்கிடுச்சு. கனமான ரெண்டும் அப்படியே நின்னுச்சு. அதான் ரெண்டுக்கு மட்டும் பதில்."

திருகாணிகளில் ஒத்தைக் கோடு. என்னிடம் இருந்த நாணயமே போதும். ஆறையும் கழற்றிப் பலகையை எடுத்தேன்.

உள்ளே, இரண்டு முனையிலும் கம்பளித்துணி சுற்றிய கட்டைகளுக்கு நடுவில், தந்திகள் ஒலிபெருக்கியைப் பார்த்தபடி அது இருந்தது. கோடுகள் பளிச்சென்று அப்படியே இருந்தன. விரல் படாத இடம் தேயவில்லை. வலது உள்ளங்கை ஊன்றுகிற ஒரு மூலை மட்டும் நிறம் போய் மரம் தெரிந்தது. முதுகில் கீறலே இல்லை. பேன்ட் துணி உரசி உரசி வழுவழுவென்று இருந்தது.

"எக்ஸ்ரே எடுக்கிறவங்க நீங்க," என்றேன் அக்காவிடம். "மூணு மாசமா பக்கத்துல வெச்சுக்கிட்டு உள்ள பார்க்காம விட்டுட்டீங்களே."

அவர் சிரித்தார், அழுதார், இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தார்.

"இங்க ஏன் வெச்சார் மேடம்?"

"இருபத்திரண்டு வருஷத்துல நான் பார்த்தது ஒண்ணுதான். யாரும் கேட்டு வராத பொருள்தான் பத்திரமா இருக்கும். வீட்ல உங்க அண்ணன் நிச்சயமா உங்ககிட்ட விட்டுடப்போற பொருள் எதுன்னு பெரியவர் யோசிச்சிருக்கார்."

வாசலில் அண்ணன் தரையைப் பார்த்தார்.

அக்கா தந்திகளைச் சுருதி சேர்த்து, ஒயரைச் செருகி, இரும்பை வைத்தார். ஒரே ஒரு சுரம் கீழிருந்து மேலே வழுக்கிப் போயிற்று. எனக்கு இசை தெரியாது. நான் சந்தித்ததே இல்லாத ஒரு மனிதர் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது, அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி இல்லை.

பாட்டு முடிந்தது. அக்கா தந்திகளைக் கையால் அமுக்கினார். சத்தம் நின்றது. சுத்தமாக நின்றது. அவர் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. பத்து நாளாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த பெட்டி சும்மா இருந்தது.

"இனிமே வராது இல்ல?" என்றார் மெதுவாக.

அக்கா பிறகு எழுந்து, அண்ணனின் இடுப்பில் வயதான கிட்டாரை எடுத்து, ஆறு தந்தியும் சுருதி பார்த்து, பெட்டிக்குள் அந்தக் கட்டைகளுக்கு நடுவில் வைத்தார். "மூடுங்க" என்றார் என்னிடம். ஆறு திருகாணியையும் முறுக்கினேன்.

மறுபடி வாசித்தார். அமுக்கினார். பெட்டிக்குள்ளிருந்து ரீங்காரம் வந்தது. இந்தத் தடவை ஆறு தந்திக்கும் வந்தது. டீத்தண்ணி பூசிய அந்த நகலுக்கும் கடைசியில் உருப்படியாக ஒரு வேலை கிடைத்துவிட்டது.

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அண்ணன் உள்ளே வந்து தங்கைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அப்பா அவருக்காகவே செய்துவைத்துவிட்டுப் போன நகலை, அக்குளில் வைத்திருந்த பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார். அதை நிமிர்த்தினார், பிறகு யோசித்துச் சாய்த்தார், தொடைமேல் படுக்கவைத்தார். பக்கிளின் பித்தளை நாற்காலி மரத்தில் டக்கென்று இடித்தது.

"எந்தக் கையில இரும்பைப் பிடிக்கணும்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

அக்கா தன் இரும்புக் கட்டையைத் துணியில் துடைத்து, எட்டி அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தார்.

"முதல்ல அந்த பெல்ட்டைக் கழட்டு, அண்ணா."